இரண்டு ஸ்பீக்கர், ஒரே நாற்காலி

ஸ்டீரியோ பிறந்த நாளிலிருந்து கூடவே வரும் ஒரு குறையைக் கம்ப்யூட்டர் இப்போது வீட்டுக்குள்ளேயே சரிசெய்கிறது. அதற்கான கணக்கை 1960-களில் போட்டவர்களில் ஒருவர் கான்பூரில் பிறந்தவர்.

ஹாலின் நடுவே ஒரு பஞ்சு மெத்தை செங்குத்தாக நிற்கிறது. அதன் அந்தக் கோடியில், மெத்தைக்கு இருபுறமும் நெருக்கி வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள். இந்தக் கோடியில், மெத்தையின் விளிம்பு மூக்கில் உரச, நாற்காலியில் ஒரு ரசிகர். வீட்டிலுள்ள மற்றவர்கள் சிரிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் பாட்டு தொடங்கியதும் ரசிகரின் முகம் மாறுகிறது. பின்னணி வயலின்கள் பெட்டியை விட்டு வெளியேறி, பக்கச் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்துவிட்டன. புல்லாங்குழல் எங்கோ தள்ளி, அலமாரிக்கும் அப்பால் ஒலிக்கிறது. நிஜமாகவே அங்கே யாராவது இருக்கிறார்களா என்று தலையைத் திருப்பினால் எல்லாம் கலைந்துவிடும். பழையபடி இரண்டு பெட்டிகள், ஒரு மெத்தை.

காசு செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் ரால்ஃப் கிளாஸ்கல் என்ற இசைப் பித்தர், ஸ்பீக்கர்களுக்கு நடுவே இப்படித் தடுப்பு வைத்துக் கேட்பதைச் சலிக்காமல் பரப்பி வந்தார். 'ஆம்பியோஃபோனிக்ஸ்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். மெத்தை செய்யும் அதே வேலையை வெறும் கணக்கால் செய்துவிடும் சாஃப்ட்வேர்கள் இப்போது வந்துவிட்டன. மூக்கை எதிலும் உரச வேண்டியதில்லை.

மெத்தை எதைத் தடுக்கிறது? டெலிபோனில் கிராஸ் டாக் கேட்டு எரிச்சலடைந்த தலைமுறைக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். ஒரு லைனில் பேசும்போது அடுத்த லைனின் பேச்சும் உள்ளே நுழைவது போல, இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதோடு நிற்பதில்லை. தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கும் போகிறது. வலது ஸ்பீக்கரும் அப்படியே. ஒலிப் பொறியாளர்களும் இதை கிராஸ் டாக் என்றுதான் சொல்கிறார்கள்.

ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மனித மூளை இரு காதுகளையும் ஒப்பிட்டே கண்டுபிடிக்கிறது. வலது பக்கம் ஒருவர் கைதட்டினால் அது வலது காதை முதலில் அடைகிறது. இடது காதுக்குச் சற்றுத் தாமதமாகவும், தலை மறைப்பதால் சற்று மெலிந்தும் போய்ச் சேருகிறது. ஒலி நேர் பக்கவாட்டிலிருந்து வந்தால்கூட இந்தத் தாமதம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த இம்மி அளவை வைத்துத்தான் மூளை திசையைச் சொல்கிறது. வழக்கமான முறையில், கேட்பவரையும் சேர்த்து முக்கோணமாக வைத்த ஸ்பீக்கர்களில், ஒவ்வொரு காதுக்கும் ஒரே ஒலி கால் மில்லி விநாடி இடைவெளியில் இரண்டு முறை வருகிறது. மூளை எவ்வளவு தாராளமாகக் கற்பனை செய்தாலும், மேடையை இரண்டு பெட்டிகளுக்கு வெளியே வைக்க அதற்குத் துணிச்சல் வருவதில்லை.

நடுவில் நிற்பதாகத் தோன்றும் பாடகரின் நிலைமை இன்னும் மோசம். நடுவில் ஸ்பீக்கர் கிடையாது. அவர் குரலை இரு பெட்டிகளும் ஒரே அளவில் ஒலிக்கின்றன. கால் மில்லி விநாடி பிந்தி வரும் நகல், முதல் ஒலியோடு மோதி 2,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளம் பறிக்கிறது. மெய்யெழுத்துகளைத் தெளிவாக்கும் ஒலிகள் பெருமளவு உலவும் இடமும் அதுவே. விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கியும் பாட்டின் வரிகள் லேசாக மங்கிக் கேட்டால், குற்றம் முழுக்க ஸ்பீக்கருடையது அல்ல.

இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவர் ஆலன் புளூம்லைன். லண்டன் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். மனைவியோடு சினிமாவுக்குப் போனபோது, நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் மட்டும் வேறெங்கிருந்தோ வந்தது அவரை உறுத்தியது என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில் இன்றைய ஸ்டீரியோவின் அஸ்திவாரம் கிட்டத்தட்ட முழுவதும் இருக்கிறது. ஓர் இசைத்தட்டுப் பள்ளத்தின் இரு சுவர்களில் இரண்டு ஒலிகளைப் பதியும் யோசனையும் அதிலே உண்டு. 1934-ல் தாமஸ் பீச்சம் நடத்திய மொஸார்ட்டின் 'ஜூபிடர்' சிம்பொனியை லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் ஸ்டீரியோவாகப் பதிந்தும் பார்த்தார். 1942-ல் ராடார் சோதனை விமானம் நொறுங்கி விழுந்ததில் 38 வயதில் இறந்தார். தன் கண்டுபிடிப்பு கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் வேறு வழியில் போனார்கள். 1933-ல் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த ஆர்க்கெஸ்ட்ராவைத் தொலைபேசி லைன் வழியாக வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தபோது அவர்கள் வைத்தது மூன்று சேனல்கள். நடுவில் ஒரு ஸ்பீக்கர் வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. சினிமா தியேட்டர்களில் இன்றும் திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கர் இருப்பது அதனால்தான். வீட்டுக்கு மட்டும் ஏன் இரண்டு? 1950-களின் கடைசியில் ஸ்டீரியோ இசைத்தட்டு சந்தைக்கு வந்தபோது, அதன் பள்ளத்துக்கு இருந்தவை இரண்டே சுவர்கள். காதுக்கு ஏற்றது எது என்பதைவிட ஊசிக்கு எது முடியும் என்பதே அங்கே முடிவு செய்தது.

இந்த இடத்தில்தான் கதைக்குள் ஓர் இந்தியர் வருகிறார். பிஷ்ணு அடல், 1933-ல் கான்பூரில் பிறந்தவர். லக்னோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் தொடர்பியல் பயின்று, அங்கேயே ஒலியியல் விரிவுரையாளராகவும் இருந்தார். 1961-ல் பெல் ஆய்வுக்கூடம் போனார். அங்கே அவருக்குத் துணை கிடைத்தவர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர். 1980-களில் இருவரும் சேர்ந்து உருவாக்கிய பேச்சுச் சுருக்கும் முறையின் வாரிசுகள்தான் பிற்பாடு உலகெங்கும் செல்போன்களில் பேச்சைச் சுமந்தன. அடலின் பெயர் அதற்காகவே பேசப்படுகிறது. அதற்கு இருபது வருடம் முன்பே இருவரும் ஸ்டீரியோவில் கைவைத்ததை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

அவர்கள் 1962-ல் விண்ணப்பித்து 1966-ல் பெற்ற காப்புரிமையின் சாரம் இதுதான். இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதை எப்போது, எவ்வளவு வலுவுடன் அடையும் என்பதை அளந்துவிடலாம். அதே நேரத்தில், அதே வலுவில், ஆனால் மேடும் பள்ளமும் தலைகீழாக மாறிய எதிர் அலை ஒன்றை வலது ஸ்பீக்கரிலிருந்து அனுப்பினால் இரண்டும் வலது காதின் வாசலில் மோதி ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் அந்த எதிர் அலையும் சும்மா இருப்பதில்லை. அது இடது காதுக்குத் தாவும். அதை அழிக்க இடது பக்கத்திலிருந்து இன்னொன்று, அதை அழிக்க மற்றொன்று. கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்ற சங்கதி. ஒவ்வொரு கடனும் முந்தியதைவிடச் சிறியது என்பதுதான் ஆறுதல்.

இந்த வித்தை விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. 1962-ல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் திறக்கப்பட்ட ஃபில்ஹார்மானிக் ஹால் முதல் சீஸனிலேயே ரசிகர்களின் வசவு வாங்கியது. கோளாறு எங்கே என்று அளந்து சொல்ல பெல் ஆய்வுக்கூடத்தாரை அழைத்தார்கள். ஷ்ரோடரும் அடலும் அந்தக் குழுவில் இருந்தார்கள். கம்ப்யூட்டரைக் கொண்டு அரங்கின் ஒலியை ஆராய முடியும் என்பதை அந்த வேலை காட்டியது. ஒட்டுப்போட்டுப் பார்த்தும் சரிவராமல் 1976-ல் அரங்கின் உட்புறத்தையே இடித்துக் கட்டினார்கள். அதுவும் போதாமல் 2022-ல் இன்னொரு முறை புதுப்பித்துத் திறந்தார்கள்.

ஷ்ரோடர் பிறகு ஜெர்மனியின் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1974-ல் வெளியான ஆய்வில் அவரும் சகாக்களும் செய்தது பிரமாதமான காரியம். எதிரொலியே இல்லாத அறையில் பதிந்த ஆர்க்கெஸ்ட்ரா இசையை (அதுவும் 'ஜூபிடர்' சிம்பொனிதான்) ஐரோப்பாவின் இருபதுக்கும் மேற்பட்ட அரங்கங்களின் மேடையில் ஒலிக்கவிட்டார்கள். காதில் மைக் பொருத்திய பொம்மைத் தலையை ரசிகர் இருக்கையில் வைத்து அதைப் பதிந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் இரண்டே ஸ்பீக்கர்கள், நடுவே கிராஸ் டாக்கை அழிக்கும் கணக்கு. நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு விநாடி ஒரு நகரத்தின் அரங்கில் இருந்தார், அடுத்த விநாடி வேறொரு நகரத்தில். இரு காதுகளுக்கும் வரும் ஒலி எவ்வளவுக்கு எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவுக்கு ரசிகருக்குப் பிடிக்கிறது என்பது தெரிந்தது. அகன்ற நவீன அரங்கங்களைவிடப் பழைய குறுகலான அரங்கங்கள் காதுக்கு ஏன் இதமாக இருந்தன என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது: பக்கச் சுவர்களிலிருந்து திரும்பி வரும் ஒலி.

வீட்டுக்கு வர முயன்ற வித்தை பல முறை தடுக்கி விழுந்தது. அமெரிக்காவில் 1970-களின் கடைசியில் பாப் கார்வர் 'சோனிக் ஹோலோகிராஃபி' என்று பெயரிட்டு ஒரு பெட்டி கொண்டுவந்தார். மேத்யூ போல்க் ஸ்பீக்கருக்குள்ளேயே எதிர் அலைக்குத் தனி வாய் வைத்தார். 1992-ல் ரோஜர் வாட்டர்ஸ் தன் 'அம்யூஸ்ட் டு டெத்' ஆல்பத்தைக் 'க்யூசவுண்ட்' என்ற முறையில் பதிந்தார். சரியான இடத்தில் உட்கார்ந்தால் அதில் நாய் குரைப்பது அறைக்கு வெளியே கேட்கும். நம் ஊர் டூ இன் ஒன் டேப் ரிக்கார்டர்கள் சிலவற்றில் இருந்த 'ஒயிட்' பொத்தானும் இந்தக் குடும்பத்தின் ஏழைச் சொந்தம்தான். அழுத்தினால் ஒலி அகலும்; கூடவே பாடகரின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். பெரும்பாலோர் ஒரு முறை அழுத்திப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

குரல் கெடுவதற்குக் காரணம் உண்டு. தாழ்ந்த சுருதிகளில் இரு காதுகளுக்கும் வரும் ஒலி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதில் ஒன்றை அழித்து மற்றதை மிச்சம் வைக்க ஸ்பீக்கர்கள் அசுர பலத்தோடு ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. விளைவு, சில சுருதிகள் வீங்கும், சில சூம்பும். இசையின் நிறமே மாறிவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் இசைத் துறைக்காரர் அல்ல, ராக்கெட்காரர். லெபனானில் பிறந்த எட்கர் ஷூவெய்ரி, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் விண்கலங்களுக்கான பிளாஸ்மா எஞ்ஜின்களை ஆராயும் பேராசிரியர். கூடவே முப்பரிமாண ஒலிக்கென்று ஓர் ஆய்வுக்கூடமும் நடத்துகிறார். எல்லாச் சுருதியிலும் ஒரே பிடிவாதத்தோடு அழிக்கப் பார்க்காமல், எந்தச் சுருதியில் எவ்வளவு விட்டுக்கொடுத்தால் நிறம் மாறாமல் இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். இசைமேதை பாக்கை நினைவூட்டும் 'பி.ஏ.சி.சி.ஹெச்.' என்ற பெயரில் அது வந்திருக்கிறது. ஜாம்பாக்ஸ் என்ற கையடக்க ஸ்பீக்கரிலும் ஒரு காலத்தில் அந்தக் கணக்கு ஏறியிருந்தது. இப்போது மேக் கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேராகக் கிடைக்கிறது.

வாங்கியவர் முதலில் செய்வது தன்னை அளந்துகொள்வது. இரு காதுகளிலும் சின்ன மைக்குகளைச் செருகி, வழக்கமான இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக, தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை ஏறும் ஊளை ஒன்றை எழுப்பும். அந்தத் தலைக்கும், அந்தக் காதுகளுக்கும், அந்த அறைக்கும் தைத்த சட்டை போல ஒரு கணக்கு தயாராகிவிடும். தையற்கடை வேண்டாம், ரெடிமேட் போதும் என்பவர்களுக்கு அளவெடுக்காத எளிய வடிவமும் உண்டு.

கிளாஸ்கல் காட்டும் வழி இன்னும் எளிமை. அவரும் ராபின் மில்லரும் வகுத்த 'ரேஸ்' என்ற முறையில் ஸ்பீக்கர்களை வழக்கமான 60 டிகிரிக்குப் பதில் சுமார் 20 டிகிரி இடைவெளியில் நெருக்கி வைக்க வேண்டும். ஒரு பக்க ஒலியைத் தலைகீழாக்கி, இரண்டு மூன்று டெசிபல் குறைத்து, சுமார் 70 மைக்ரோ விநாடி தாமதித்து மறுபக்கம் சேர்க்க வேண்டும். அதை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். சி.டி.யில் ஒரு விநாடி இசை 44,100 துணுக்குகளாக இருக்கிறது. 70 மைக்ரோ விநாடி என்பது அதில் மூன்றே துணுக்குகள். ஷ்ரோடரும் அடலும் ஓர் அறையையே அடைத்த கம்ப்யூட்டரோடு மல்லாடிய கணக்கு, இன்று சாதாரண லேப்டாப்புக்கு ஊதித் தள்ளும் வேலை. செய்முறை பகிரங்கமாகவே இருப்பதால் விஷயம் தெரிந்த இளைஞர்கள் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

நம் வீடுகளில் இதற்கு முதல் எதிரி அறைதான். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை. கணக்கு ஒரு ஒலியை அழித்து முடிப்பதற்குள் அது சுவரில் பட்டுத் திரும்பி வேறு வழியாகக் காதுக்குள் நுழைந்துவிடும். கனத்த திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், ஓரமாக ஒரு புத்தக அலமாரி என்று சேர்த்தால் நிலைமை மாறும். ஸ்பீக்கரையும் நாற்காலியையும் சுவரை விட்டு இழுத்துப் போடுவது அதைவிட முக்கியம். அதற்கும் வழியில்லாத சின்ன வீட்டில் மேஜை மேல் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை வைத்து ஒரு கைநீட்டுத் தொலைவில் கேட்பதே உத்தமம். அந்த நெருக்கத்தில் அறையின் ஆட்டம் செல்லாது. இந்த ஒரு விஷயத்தில் ஹால் நிறையப் பெட்டி அடுக்கிய பணக்காரரைவிட, மேஜையில் லேப்டாப் வைத்திருக்கும் மாணவருக்கு அதிர்ஷ்டம் அதிகம்.

எல்லாப் பதிவுகளும் ஒன்றுபோல மலர்வதுமில்லை. அரங்கில் இரண்டே மைக் வைத்துப் பதிந்த கச்சேரி என்றால் அரங்கமே எழுந்து வரும். முன்வரிசை இருமல்கூட இடம் பிசகாது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வாயருகே மைக் வைத்து, பிறகு மேஜையில் கலந்த பதிவில் அரங்கமே கிடையாது. இல்லாததை எந்தக் கணக்காலும் கொண்டுவர முடியாது. சினிமாப் பாட்டுகள் இரண்டும் கெட்டான். குரல் நடுவிலேயே நிற்கும், சற்றுத் தெளியும். வயலின் கூட்டமும் கோரஸும் விரியும். இடது பக்கம் முழுக்க ஒரு வாத்தியம், வலது பக்கம் முழுக்க ஒரு வாத்தியம் என்று 1960-களின் பாணியில் பிரித்த பதிவுகளில், யாரோ காதருகே வந்து ஊதுவது போலிருக்கும்.

இங்கேதான் ஒலிப்பதிவுக் கலைஞர்களின் ஆட்சேபமும் வருகிறது. அவர்கள் ஸ்டூடியோவில் கலக்கும்போது கேட்பது கிராஸ் டாக்கோடு சேர்ந்த ஒலியைத்தான். புளூம்லைனும் இரு காதுகளும் இரு ஸ்பீக்கர்களையும் கேட்கும் என்று தெரிந்தே தன் முறையை வகுத்தார். அப்படி இருக்க, அதை அழித்துவிட்டுக் கேட்பது கலைஞர் வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதாகாதா? கேள்வி நியாயமானது. மேடையில் நடந்ததை நடந்தபடி கேட்க ஆசைப்படுபவருக்கு சாஃப்ட்வேர் பக்கம் வலு அதிகம். ஸ்டூடியோவிலேயே பிறந்த பாட்டுக்கு அதைப் பிறப்பித்தவர் பக்கம். ஒரே ரசிகரின் அலமாரியில் இரண்டு வகையும் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

வேடிக்கை என்னவென்றால், ஹெட்போனில் நிலைமை நேர் எதிர். அங்கே கிராஸ் டாக் அறவே இல்லை. அதனால் பாட்டு தலைக்குள்ளேயே ஒலிப்பதாகப் பலருக்குத் தோன்றுகிறது. பென்ஜமின் பாவர் என்ற பொறியாளர் 1961-லேயே அதற்கு மருந்து சொன்னார்: ஒரு பக்க ஒலியைக் கொஞ்சம் தாமதித்து மறுபக்கம் கசியவிடுவது. அதைச் செய்யும் சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்பீக்கர்காரர்கள் காசு கொடுத்து நீக்குவதை ஹெட்போன்காரர்கள் இனாமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஸ்பீக்கர் வித்தைக்கு இன்னும் தீராத நோய் ஒன்று உண்டு. கணக்கு ஒரு தலைக்குத்தான். ஒரு சாண் நகர்ந்தால் எதிர் அலை தவறான நேரத்தில் வந்து சேரும். தலை நகர நகரக் கேமராவால் பின்தொடர்ந்து கணக்கை மாற்றிக்கொள்ளும் வசதி ஷூவெய்ரியின் சாஃப்ட்வேரில் இருக்கிறது. அப்போதும் அந்தக் கேமரா பின்தொடர்வது ஒருவரைத்தான். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக் கிடைப்பது சாதாரண ஸ்டீரியோவைவிட மோசமான ஒலி.

வீட்டின் ஹாலில் அம்மா காய் நறுக்கிக்கொண்டும், பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டும், தாத்தா சாய்வு நாற்காலியிலுமாகப் பாட்டுக் கேட்டுப் பழகிய தேசத்தில் இது சின்ன விஷயமல்ல. அதனால் இந்த சாஃப்ட்வேர்களில் ரசிகர் மறக்காமல் தெரிந்துகொள்ள வேண்டிய பொத்தான் ஒன்று இருக்கிறது. 'பைபாஸ்' என்று எழுதியிருக்கும். அழுத்தினால் வயலின்கள் சுவரை விட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிடும், ஹாலில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.